ஈட்டிக் கிட்டாருக்குப் பட்டி: எபாக்சியா, பியூமிஸா, தண்ணீர் ஃபில்லரா?

"அண்ணே, பாடி ஒட்டியாச்சு, பைண்டிங் போட்டாச்சு, 220 உப்புத்தாள் வரைக்கும் தேய்ச்சாச்சு. மேற்பலகை வழவழன்னு இருக்கு. பின்பக்கம் ஈட்டிப் பலகையில மட்டும் ஊசியால கீறுன மாதிரி குழி குழியா தெரியுது. எதைப் போட்டு அடைக்கிறது?"

ஈட்டி (இந்திய ரோஸ்வுட்) பலகையின் துளைகளை எந்தப் பட்டி (துளை நிரப்பும் பொருள்) வைத்து அடைப்பது என்ற இதே கேள்வியோடு இரண்டு மாதத்தில் மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். மூவருக்கும் இதுதான் முதல் கிட்டார். ஏழெட்டு வீடியோ பார்த்திருக்கிறார்கள். ஒருவர் எபாக்சி என்கிறார், அடுத்தவர் எபாக்சியைத் தொட்டால் பாவம் என்கிறார், இன்னொருவர் முட்டையை உடைத்து ஊற்றுகிறார். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் முக்கால் மணி நேரம் பேசுவதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

## அடைக்க வேண்டியது எது

மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் அல்லது சீடர். இரண்டும் ஊசியிலை மரங்கள். அகலமான நீர்க்குழாய்கள் அவற்றில் இல்லாததால் அடைக்க அங்கே எதுவும் கிடையாது; பட்டி கிட்டவே போகக் கூடாது. மேப்பிளில் குழாய்கள் உண்டு, ஆனால் மிகச் சன்னமானவை. பூச்சே மூடிக்கொள்ளும். வேலை வைப்பவை ஈட்டி, மஹாகனி, சப்பேலி, வால்நட் போன்றவை.

ஈட்டியின் குழாய் ஏறக்குறைய 0.2 மி.மீ. அகலம். பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது குழாய் பிளந்து வாய்க்காலாகிவிடுகிறது. நல்ல கிட்டாரில் மேல்பூச்சின் மொத்தக் கனமே 0.1 மி.மீ. சுற்றித்தான் இருக்க வேண்டும். அந்தப் பூச்சை மட்டும் நம்பி இந்த வாய்க்காலை மட்டமாக்க முடியாது. நிறையப் பூசி நிறையத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அந்தக் கட்சிதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பின்பலகை 2.5 மி.மீ., பக்கப் பட்டைகள் 2 மி.மீ. கனம்தான். பட்டியைத் தேய்த்து எடுக்கும் சாக்கில் மரத்தையும் தேய்த்துக்கொண்டே போக முடியாது. ஈட்டியை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். தோதகத்தி என்றும் சொல்கிற இந்த மரம் 1960-களின் கடைசியில் பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமல் போனபோது அமெரிக்கக் கிட்டார்க் கம்பெனிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம்தான், ஆனாலும் உரிய ரசீதோடு ஒரு ஜோடி பலகை வாங்குவது நமக்கே லேசு இல்லை. தேய்த்து வீணாக்கிவிட்டு அடுத்த செட்டுக்கு அலைய வேண்டாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி பட்டியைப் பற்றியதே அல்ல. மேல்பூச்சு என்ன? அரக்கா, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரா, பி.யு.வா (பாலியூரித்தேன்), எண்ணெயா? இதற்குப் பதில் தெரியாமல் பட்டி வாங்காதீர்கள். அநேகமான சொதப்பல்கள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அடுத்து, பைண்டிங்கும் (பாடியின் ஓரத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை) பர்ஃப்ளிங்கும் (அதையொட்டி ஓடும் அலங்கார வரி) வெளிர் நிறமா? ஈட்டிக்குள் இருக்கும் ஊதாப் பழுப்புச் சாயம் ஸ்பிரிட்டிலும் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) அசிட்டோனிலும் கரைந்து வரும். பக்கத்தில் மேப்பிள் பைண்டிங் இருந்தால் அது வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, எவ்வளவு நாள் காத்திருக்க முடியும்? கரைப்பானோ தண்ணீரோ ஆவியாகிக் காயும் எந்தப் பொருளும் காய்ந்த பிறகு சுருங்கும். பளபளப்பாக முடித்த பரப்பு மூன்று மாதம் கழித்து வரிவரியாக உள்வாங்குவது இதனால்தான். நான்காவது, உங்கள் ஊர்க் காற்று. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் அரக்கும் லேக்கரும் வெள்ளை படரும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒலியைப் பற்றியும் கேட்பார்கள். பின்பலகையின் துளைக்குள் போகும் துளிப் பட்டியால் ஒலி மாறுவதை என் காது இதுவரை பிடித்ததில்லை. மேற்பலகையில் பூச்சு தடித்தால்தான் வித்தியாசம் கேட்கும். அங்கே நாம் பட்டியே வைப்பதில்லை.

## எபாக்சி

இரண்டு பாகத்தைக் கலந்தால் வேதிவினையால் இறுகுகிறது. எதுவும் ஆவியாகிப் போவதில்லை. அதனால் சுருக்கம் மிகக் குறைவு. இன்று அடைத்தது அடுத்த வருடமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஈட்டியில் அது ஊறும்போது நிறம் ஆழமாகி, தண்ணீர் தெளித்த மரம் மாதிரி எழும்பும். ஈட்டியின் பிசின் எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது, பாலியெஸ்டரை இறுகவிடாது. நடுவில் எபாக்சிப் படலம் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. இறுகித் தேய்த்த பின் அரக்கு, லேக்கர், பி.யு. மூன்றும் மேலே பிடிக்கும்.

போடுவது எளிது. கலந்ததை ஊற்றி, பழைய ஏ.டி.எம். கார்டால் ரேகைக்குக் குறுக்காகச் சாய்த்து இழுத்துத் துளைக்குள் திணித்து, மேலே நிற்பதை வழித்துவிட வேண்டும். மறுநாள் ஸ்கிரேப்பராலும் 220 உப்புத்தாளாலும் மட்டப்படுத்தி இரண்டாவது கை (பூச்சு). ஈட்டிக்குச் சில சமயம் மூன்றாவதும் தேவைப்படும். ஒரு கிட்டாருக்கு எல்லாம் சேர்த்து 100 மில்லியைத் தாண்டாது.

சிக்கல் தேய்ப்பதில் இருக்கிறது. எபாக்சி ஊறிய மரமும் ஊறாத மரமும் ஒரே நிறமாகத் தெரியாது. தேய்க்கும்போது சில இடத்தில் மரம் வரைக்கும் போய், சில இடத்தில் படலம் நின்றால் பின்பலகை ஏரிகள் நிறைந்த வரைபடம் போல ஆகிவிடும். என் இரண்டாவது கிட்டாரில் இதுதான் நடந்தது. மேலே லேக்கர் அடித்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். லேக்கர் அதை இன்னும் தெளிவாகக் காட்டியது. லேக்கரை உரித்துவிட்டு, எபாக்சியில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு நீர்க்கச் செய்து, துணியால் பலகை முழுக்க ஒரே சீராகத் துடைத்த பிறகுதான் நிறம் ஒன்றுபட்டது. இப்போதெல்லாம் நிறம் திட்டுத்திட்டாக விழுந்தாலும் விழாவிட்டாலும் கடைசியாக அந்த நீர்த்த கையைப் போட்டுவிடுகிறேன்.

மற்ற ஒளிவுமறைவுச் செலவுகள்: நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி தோலில் படப்பட ஒவ்வாமையை வளர்க்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் அந்த டப்பாவைத் திறக்க முடியாது. முழுசாக இறுகாததைத் தேய்க்கும் தூசியும் அதே வேலையைச் செய்யும், ஆகவே மாஸ்க். சித்திரை வெயிலில் கலந்த எபாக்சி கப்பிலேயே சூடேறிக் கட்டியாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். ஈரமான நாளில் சில வகைகளின் மேல் மெழுகு போன்ற படலம் வரும். தேய்ப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து எடுக்க வேண்டும். அதன் மேலேயே தேய்த்தால் அந்த வழுவழுப்பு உள்ளே இறங்கும், அடுத்த கை பிடிக்காது.

வாங்கும்போது கவனம் தேவை. ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இதற்கு ஆகாது: கெட்டி, துளைக்குள் இறங்காது, தேய்த்தால் ரப்பர் மாதிரி உருளும். ரெசின் ஆர்ட் கடைகளில் ஆழமாக ஊற்றுவதற்கென்று விற்பதும் வேண்டாம். அது மொத்தமாக நிற்கும்போது பிறக்கும் சூட்டில் இறுகுவது, மெல்லிய படலமாகப் பூசினால் பிசுபிசுப்பு போகாது. மெல்லிய பூச்சுக்கென்று வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, எபாக்சியை எதிலும் கரைத்து எடுக்க முடியாது. இருபது வருடம் கழித்து யாராவது இந்தக் கிட்டாருக்குப் பூச்சு மாற்ற வந்தால் சுரண்டித்தான் ஆக வேண்டும், நம்மைத் திட்டிக்கொண்டே.

## பியூமிஸும் அரக்கும்

பிரெஞ்சு பாலிஷின் (அரக்கைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பூசுவது) பழைய முறை இது. கிளாசிக்கல் கிட்டார் செய்கிறவர்கள் இன்றும் கைவிடவில்லை. முதலில் சில கை நீர்த்த அரக்கு. பிறகு பஞ்சை வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தை ஸ்பிரிட்டில் நனைத்து, மிக நைசான பியூமிஸ் பொடியை (எரிமலை நுரைக்கல்லை அரைத்தது) சிட்டிகை தூவி, வட்ட வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். பொடி அரக்கையும் மரத்தையும் நுணுக்கமாக அரம் போட்டு எடுக்கிறது. மரத்தூள், அரக்கு, பொடி மூன்றும் குழைந்து துளைக்குள் போகின்றன. அடைப்பது பெரும்பாலும் அந்தப் பலகையின் சொந்தத் தூளே என்பதால் நிறப் பொருத்தத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. அரக்கில் ஊறிய பியூமிஸ் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும்; ஊறாமல் தங்கினால் துளைக்குள் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அவசரக்காரர்களை இந்தப் புள்ளிதான் காட்டிக்கொடுக்கிறது.

பொருள் செலவு அற்பம். அரக்கு நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சி தருவது. 100 கிராம் செதில் வாங்கினால் ஒரு கிட்டாருக்குப் போக மிஞ்சும். மெழுகு நீக்கிய வகையாக இருக்கட்டும். ஸ்பிரிட்டில்தான் ஏமாறுவோம். கடையில் கிடைப்பதில் தண்ணீர் கலந்திருந்தால் அரக்கு மங்கலாகக் காயும். ஒரு துண்டு மரத்தில் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையும் இதே சரக்கில்தான்.

உண்மையான செலவு நாளும் தோளும். பின்பலகை, பக்கங்கள், நெக் எல்லாம் அடைக்கவே ஒரு வாரம் ஓடும், நடுநடுவே காய விட்டு. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்தால் அரக்கு இளகிப் பொட்டலம் ஒட்டிக்கொள்ளும், போட்டதையே பிய்த்து எடுக்கும். கொஞ்சம் உள்வாங்கவும் செய்யும். ஒரு மாதம் வைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று போடுகிறவர்கள் உண்டு.

ஈட்டி என்றால் சாய ஒழுகலின் உச்சமும் இதில்தான், ஏனென்றால் நாள் முழுக்க ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கிறோம். வெளிர் பைண்டிங், பர்ஃப்ளிங், மேற்பலகையின் ஓரம், ரோசெட் (ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையம்) எல்லாவற்றையும் சின்னத் தூரிகையால் இரண்டு மூன்று கை அரக்கு பூசி முதலிலேயே பூட்டிவிட வேண்டும். அதன் பிறகும் ஓரத்தில் பொட்டலத்தை அழுத்தக் கூடாது. பைண்டிங்கும் ஈட்டி அல்லது கருங்காலி என்றால் இந்தக் கவலையே இல்லை.

எல்லாம் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: மேல்பூச்சும் அரக்குதான் என்றால் இதைவிட இயல்பான அடித்தளம் கிடையாது. அரக்கு வியர்வைக்கும் சூட்டுக்கும் அஞ்சும், ஆனால் எங்கே கெட்டாலும் அதே இடத்தில் அதே பொட்டலத்தால் சரிசெய்யலாம்.

## தண்ணீர் ஃபில்லர்

இரண்டு வகை. கண்ணாடி போன்ற ஜெல் ஒன்று, நிறமுள்ள பட்டி ஒன்று. வாடை இல்லை, கை கழுவினால் போய்விடும், ஒரு மணி நேரத்தில் தேய்க்கலாம். அபார்ட்மென்ட் பால்கனியில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் தண்ணீர் போனால் கனமும் போகும். முதல் கை முக்கால்வாசி நிரப்பும், இரண்டாவது இன்னும் கொஞ்சம், ஈட்டிக்கு நாலு கை ஆகலாம். தண்ணீர் பட்டதும் மரத்தின் நார் எழும்பும். முன்கூட்டியே ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, தேய்த்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். தெளிந்த ஜெல் மஹாகனியில் நன்றாக இருக்கிறது. கரிய ஈட்டியின் துளைக்குள் லேசாகப் புகை மூட்டம் போலத் தெரிவதால் கருஞ்சாயம் கலந்துகொள்வேன். ஹார்டுவேர் கடையில் ஆணித்துளை அடைக்க விற்கும் கெட்டிப் பட்டிதான் கிடைக்கிறது என்றால், தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்துப் பயன்படுத்தலாம். கெட்டியாகவே அப்பினால் துளையின் வாய் மட்டும் மூடி, அடியில் காற்று நிற்கும்.

எபாக்சியின் பிசுபிசுப்பும் இல்லை, கையுறை பயமும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடைசிக் கை போட்டபின் ஒரு வாரமாவது விட்டுவிட்டு மேல்பூச்சுக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் தேய்க்கலாம் என்றால் ஒரு மணி நேரத்தில் சுருங்கி முடிந்தது என்று பொருள் இல்லை.

## எண்ணெய்ப் பட்டி

ஆளிவிதை எண்ணெயில் சிலிக்கா பொடி குழைத்தது. தூரிகையால் பூசி, மேலே மங்கத் தொடங்கியதும் சணல் சாக்குத் துண்டால் ரேகைக்குக் குறுக்காகத் துடைப்பார்கள். நிறம் கலந்தால் துளைகள் மரத்தைவிடக் கறுத்துத் தெரியும்; பழைய மஹாகனி கிட்டார்களின் அந்த முகம் இதனால் வந்தது. அது பிடிக்குமென்றால் வேறு எதிலும் அவ்வளவு லேசாக வராது.

காய மூன்று நாள் முதல் ஒரு வாரம், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். காயாததன் மேல் லேக்கர் அடித்தால் தின்னர் உள்ளே போய் எல்லாவற்றையும் கிளப்பிவிடும். ஈட்டியில் எண்ணெயே சண்டித்தனம் செய்யும் என்பதால் முதலில் மெல்லிய அரக்கு வேண்டும். சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு, காய்ந்ததைத் தேய்க்கும்போது மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள். மஹாகனிக்கு வைத்துக்கொள்வேன், ஈட்டிக்கு மாட்டேன்.

## சீலர் பட்டி அல்ல

இப்போது என் முதல் கிட்டார். மரக்கடையில் கேட்டேன், "சாண்டிங் சீலர் அடிங்க சார், எல்லாம் மூடிடும்" என்றார்கள். ஐந்து கை அடித்தேன், தேய்த்தேன், மறுபடி ஐந்து கை. மேலே என்.சி. லேக்கர். முடித்த அன்று பின்பலகையில் மின்விசிறியின் இறக்கையை எண்ணலாம். ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு துளையும் திரும்ப வந்திருந்தது. சீலர் மேல்பூச்சுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஒரு கரைப்பான் சரக்கு, மாதக்கணக்கில் சுருங்கும். எளிதில் தேய்வதற்காக அதில் சேர்த்திருக்கும் ஸ்டியரேட், பூச்சு தடிக்கத் தடிக்க அடித்தளத்தை மிருதுவாக்கி மேல்பூச்சின் பிடிப்பையும் கெடுக்கும். பட்டி முடிந்த பிறகு ஒரு கை சீலர் சரி. பட்டிக்குப் பதிலாகச் சரியல்ல.

கதவு, ஜன்னலுக்குச் செய்கிற சாக் பவுடர் வழியையும் ஆசாரிகள் சொல்வார்கள். அரசுக் கட்டட வேலை விவரக்குறிப்பிலேயே இருக்கிற முறைதான்: 1.5 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 2.25 கிலோ வெள்ளைப் பொடி. காவி கலந்து தேக்குக் கதவில் அழகாகத்தான் வரும். கரிய ஈட்டியில் வருடங்கள் போகப்போக துளைக்குள் சாம்பல் பூத்து நிற்கும்.

சூப்பர் குளூ வேகமானது. ஆனால் அதன் ஆவி கண்ணைப் பிடுங்கும், ஸ்ப்ரூஸ் ஓரத்தில் ஒரு சொட்டு கசிந்தால் கறை நிரந்தரம். அங்கங்கே விட்டுப்போன துளைக்கு மட்டும் கைவசம் வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு வேடிக்கைக்குச் சொன்னதல்ல, அதைப் பூசி உப்புத்தாளால் தேய்த்து மரத்தூளோடு குழைத்து அடைக்கும் கிட்டார்த் தச்சர்கள் உண்டு. துண்டு மரத்தில் செய்து பார்த்தேன். பியூமிஸ் அளவுக்கு நிரம்பவில்லை, பூனை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

## அடைக்காமலே விட்டால்?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். எண்ணெயோ மங்கலான சாட்டின் பூச்சோ போடுவதாக இருந்தால் துளை தெரிவது குறை அல்ல. மரம் மரமாகத் தெரியும். இரண்டு வாரம் மிச்சம், பின்னால் உள்வாங்க எதுவும் இல்லை. பாதி அடைத்த பளபளப்பைவிட அடைக்காத சாட்டின் ஆயிரம் மடங்கு கௌரவமாக இருக்கும். துளையில் அழுக்கும் வியர்வையும் சேரும் என்பதுதான் ஒரே குறை; ஈட்டியின் கருமையில் அதுவும் தெரியாது, மஹாகனியில் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | பின்னால் உள்வாங்குமா | ஈட்டியில் நிறம் | மேல்பூச்சுக்கு முன் ஆகும் காலம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| எபாக்சி | மிகக் குறைவு | ஆழமாகும் | 4–6 நாள் | ஒவ்வாமை, நிறத் திட்டு, திரும்ப எடுக்க முடியாமை |
| பியூமிஸ் + அரக்கு | கொஞ்சம் | மிகப் பொருத்தம் | ஒரு வாரமும் மேலும் | உழைப்பு, சாய ஒழுகல் |
| தண்ணீர் ஃபில்லர் | ஓரளவு | சாயம் கலந்தால் நலம் | 2 நாள் வேலை, ஒரு வாரக் காத்திருப்பு | பல கை, நார் எழும்புதல் |
| எண்ணெய்ப் பட்டி | கொஞ்சம் | துளை கறுத்துத் தெரியும் | ஒரு வாரமும் மேலும் | காயாமை, சிலிக்கா தூசி |
| அடைக்காமல் | பொருந்தாது | இயல்பு | இல்லை | பளபளப்பு வராது |

## யாருக்கு எது

ஈட்டி, வெளிர் பைண்டிங், என்.சி. அல்லது பி.யு. பளபளப்பு, முதல் கிட்டார்: எபாக்சி. யோசிக்கவே வேண்டாம். சாயம் ஒழுகும் ஆபத்து மிகக் குறைவு, காத்திருக்கும் பொறுமையும் அவ்வளவாகத் தேவையில்லை. கையுறையை மட்டும் மறக்காதீர்கள்.

கிளாசிக்கல் கிட்டார், அரக்கு பூச்சு, தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்: பியூமிஸ். ஆனால் மார்கழி, தை, மாசி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர் என்றால் காலைப் பனியில் தொடாமல் பத்து மணிக்கு மேல். மழையில் ஆரம்பித்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

மஹாகனி, வீட்டுக்குள் சின்னக் குழந்தைகள், தண்ணீரில் கரையும் மேல்பூச்சு: தண்ணீர் ஃபில்லர். மஹாகனியின் துளை ஈட்டியை விடச் சாந்தமானது, மூன்று கையில் பெரும்பாலும் படிந்துவிடும்.

எதுவாக இருந்தாலும் பைண்டிங்குக்காக வெட்டி எறிந்த அதே பலகையின் துண்டை எடுத்து, அதே எண் உப்புத்தாளில் தேய்த்து, பட்டி முதல் பளபளப்பு வரை முழுக்கச் செய்து பாருங்கள். மேசை விளக்கைப் பலகையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் நிரம்பாத துளை தன்னால் நிழல் போடும். உப்புத்தாளை விரலால் பிடிக்காதீர்கள், கார்க் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விரல் துளையின் ஓரத்தைக் குழித்துக்கொண்டே போகும்.

கடைசியாகக் கூப்பிட்ட தம்பி மதுரைக்காரர். ஈட்டி, மேப்பிள் பைண்டிங், என்.சி. லேக்கர், எபாக்சி என்று முடிவாகி, வைக்கப் போகும்போது, "அண்ணே, அப்ப நெக்குக்கும் ரெண்டு கை போட்டுறவா?" என்றார். மஹாகனி நெக். வேண்டாம் என்றேன். கட்டைவிரல் ஓடுகிற இடத்தை அடைக்காமல் சாட்டினாக விட்டால் வியர்த்த கையும் வழுக்கிக்கொண்டு போகும். பளபளப்பாக்கினால் வைகாசியில் ஒட்டும். ஹெட்டின் முகப்பில் ஒட்டிய ஈட்டித் தகட்டுக்கு மட்டும் மிச்ச எபாக்சியைப் போடச் சொன்னேன்.